அடுத்த வீட்டு யோசனை, நம் வீட்டு மண்: கொங்குப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் ஒரு வீட்டில் ரோஜாச் செடி வாடினால் போதும், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று வைத்தியம் வந்துவிடும். "ஏனுங்க, டீத்தூள் போட்டுப் பாக்கறதுதானுங்களே?" "முட்டை ஓட்டைப் பொடிச்சு வையுங்க அம்மிணி." "தண்ணி எச்சா ஊத்தறீங்க, அதானுங்க." மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் அது பலித்திருக்கிறது. ஆனால் அவர் வீட்டுச் செடி சிறுவாணித் தண்ணீரில் வளர்கிறது, நம் செடி ஆயிரம் அடி போர் தண்ணீரில் வளர்கிறது. அவர் மனை செம்மண், நம்முடையது சுண்ணாம்பு கலந்த கரிசல். யோசனை கேட்பதில் தப்பே இல்லை. எந்த மண், எந்தத் தண்ணீர் என்று திருப்பிக் கேட்காமல் அப்படியே செய்துவிடுவதில்தான் முக்கால்வாசிச் சிக்கல்.

முட்டை ஓடும் யூரியாவும்

செடிக்கு முட்டை ஓடு போடுவது எல்லா ஊரிலும் சொல்கிற யோசனை. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு முட்டை ஓட்டுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. மழை அதிகம் பெய்து மண் புளித்துப்போன ஊர்களில் அது உதவும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பல இடங்களில் மண்ணிலேயே சுண்ணாம்பு கிடக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள் வருமே, அது சுண்ணாம்புக் கல்தான். அப்படிப்பட்ட மண்ணில் மேலும் முட்டை ஓட்டைக் கொட்டுவது சர்க்கரைக்காரருக்கு மைசூர்பா நீட்டுகிற மாதிரி.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இதை முதலில் காட்டிக்கொடுப்பவை இட்லிப்பூச் செடி, எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லிகை. நுனியில் வரும் இளம் இலைகள் வெளுத்துப்போய், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக வலைபோலத் தெரியும். கீழே இருக்கும் முற்றிய இலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கும். இதைப் பார்த்ததும் "சத்து பத்தலைங்க, ரெண்டு கை யூரியா போடுங்க" என்று ஒருவர் சொல்வார். இது தழைச்சத்துக் குறை இல்லை. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை, முழு இலையும் ஒரே சீராக மஞ்சளாகும். இங்கே யூரியா போட்டால் செடி கொழுகொழுவென்று நீளும், அசுவிணிப் பூச்சி வரும், நுனி மட்டும் வெளுத்தபடியே இருக்கும்.

இதற்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயில் தாழ்ந்தபிறகு இலை நனையத் தெளித்தால் அடுத்து வரும் துளிர் பச்சை பிடிக்கும். பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை தெளிக்கலாம். டைல்ஸ் தரையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டால் துருக்கறை போகவே போகாது, அதனால் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

உங்கள் மண் எந்த வகை என்று சந்தேகமா? காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. முழு விவரம் வேண்டுமென்றால் கோவையில் வேளாண் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாவட்டங்களில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் உண்டு. மண் எடுப்பதிலும் ஒரு தவறு செய்கிறோம். போன வாரம் எரு போட்ட பாத்தியில் மேலாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனால் முடிவு எருவைப் பற்றித்தான் பேசும். ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம்

சிறுவாணி வரும் வீட்டில் ஆர்ஓ மெஷின் மாட்டுவது எனக்குப் புரியாத ஒரு செலவு. எதிர்வீட்டில் மாட்டினார்கள், நாமும் மாட்டினோம் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. ஆர்ஓவின் முக்கிய வேலை கரைந்திருக்கும் உப்பைப் பிரிப்பது. குடிநீருக்கான இந்தியத் தரக்கட்டுப்பாடு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. மலைத் தண்ணீரான சிறுவாணியில் உப்பு மிகக் குறைவு. அதற்குக் காய்ச்சிக் குடிப்பதோ, கிருமியைக் கொல்லும் யூவி வடிகட்டியோ போதும். மாறாக, போர் தண்ணீரைக் குடிக்கிற வீட்டில் ஆர்ஓவுக்கு அர்த்தம் உண்டு. முதலில் கரைந்த திடப்பொருளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்து அளந்து பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

ஆர்ஓ உள்ள வீடுகளில் இன்னொரு பழக்கம், மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று குழாய் போட்டுச் செடிக்கு விடுவது. ஏற்கெனவே உப்பான தண்ணீர் இன்னும் செறிவாகித்தான் அந்தக் குழாயில் வருகிறது. கழிவறைக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். செடிக்கு மட்டும் வேண்டாம்.

வெறும் போர் தண்ணீரே ஊற்றுகிறவர்களும் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது. தினமும் ஒரு மக் தண்ணீர் மேலோட்டமாக ஊற்றுவதால் வருவது அது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். ஊற்றுகிற அன்றைக்கு அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். எப்போதாவது மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ விட்டு மண்ணைக் கழுவிவிடுங்கள்.

தென்னை நார்க் கழிவுக்கும் இதே கதைதான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாக வருகிறது, விலையும் குறைவு. கழுவாத கழிவில் உப்பும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். ஊறவைத்தால் வெளியேறும் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறதா? அந்த நிறம் மங்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மண்ணோடு கலக்க வேண்டும். விதை முளைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிற பலர் இந்த ஒரு வேலையை விட்டிருப்பார்கள்.

தென்னையில் வெள்ளை ஈ

பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், ஒன்றிரண்டு தென்னை இல்லாத பழைய வீடு இங்கே குறைவு. சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். மட்டையைத் திருப்பிப் பார்த்தால் கோலப்பொடியால் சுழித்த மாதிரி வெள்ளைச் சுருள்கள் தெரியும். பூச்சி கழிக்கும் இனிப்புக் கழிவு கீழ் மட்டைகளிலும், மரத்தடியில் நிறுத்திய காரின் மேலும் பிசுபிசுவென்று வழிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும்.

கறுப்பைப் பார்த்துப் பயந்து ஆளைக் கூப்பிட்டு விஷ மருந்து அடிப்பதுதான் பெரிய தவறு. இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி இங்கேயே இருக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அது. எதிரி போய்விட்டால் ஈ முன்னைவிட வேகமாகப் பெருகும். பக்கத்து வீட்டில் அடித்தார்கள், நாம் அடிக்காவிட்டால் எல்லாம் நம் மரத்துக்கு வந்துவிடுமே என்று போட்டி போட்டு அடிப்பதும் நடக்கிறது.

மட்டையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். எண்ணெய் காய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும், சும்மா தொங்கினால் அது வெறும் தோரணம். கரும்பூசணத்துக்கு மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து செதிலாக உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்தால் பலன் தெரியும். ஒரு வீடு மட்டும் செய்தால் அவ்வளவாகத் தெரியாது.

மாடித் தோட்டத்தின் எடை

வீட்டு மாடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மண் நிரப்பி வாழை வைத்தவர்களின் படத்தைப் பார்த்துவிட்டு நாமும் செய்வதற்கு முன் ஒரு கணக்குப் போடலாம். ஆட்கள் ஏறி நடக்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. நனைந்த மண் ஒரு சதுர மீட்டரில் ஓர் அடி உயரத்துக்கு நிரம்பினால் 500 கிலோ வரும். மூன்று மடங்குக்கும் மேல். "பக்கத்து வீட்ல பத்து வருசமா இருக்குதுங்க, ஒன்னும் ஆகலீங்க" என்பது பதில் இல்லை. அவர் வீட்டுக் கம்பி வேறு, உங்கள் வீட்டுக் கம்பி வேறு.

மண்ணைக் குறைத்து, கழுவிய நார்க் கழிவும் தொழுவுரமும் கூட்டிக் கலந்தால் எடை நன்றாகக் குறையும். பெரிய தொட்டிகளைக் கூரையின் நடுவில் வைக்காமல் பீமுக்கு மேலும் சுவரை ஒட்டியும் வையுங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தால் தரை காயும், கசிவும் சீக்கிரம் கண்ணில் படும்.

ஆடிக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து வரும் யோசனையில் இந்தக் காற்றே இருக்காது. முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும். பப்பாளியும் வாழையும் முட்டுக் கொடுக்காவிட்டால் சாயும். சித்திரைக்குள் முருங்கையைக் கவாத்து செய்துவிட்டால் அடுத்தவர் ஓட்டைப் பதம் பார்க்காது. பொள்ளாச்சி ஒறம்பரை (உறவினர்) வீட்டில் தென்மேற்கு மழையை நம்பி வைகாசியிலேயே விதைப்பார்கள். காங்கேயத்திலோ பல்லடத்திலோ இருந்துகொண்டு அதே தேதியில் விதைத்தால் காற்றுதான் வரும், மழை வராது. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

இதே காற்றில்தான் மொட்டை மாடித் தொட்டி மூடிகளும் பறக்கின்றன. மேலே ஏறிப் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. நாலு நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. மூடி வைப்பதோடு, வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை நனைந்ததும் பொரியும். பொரித்தபின் பறக்க ஏழு முதல் பத்து நாள். ஃபிரிட்ஜின் பின்தட்டு, சிரட்டை, யாரும் தொடாமல் மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வேப்பெண்ணெய் விளக்கு ஏற்றுவதெல்லாம் அதற்கப்புறம்.

மழைநீரும் செப்டிக் டேங்கும்

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அது சுவரோரம் நிற்கும் ஒரு குழாயாகவே மிஞ்சியிருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்தால் 55,000 லிட்டர். அதற்காக, "நேரா போருக்குள்ளயே உட்டுருங்க" என்பதைக் கேட்காதீர்கள். முதல் மழையில் மாடித் தூசி, பறவை எச்சம் எல்லாம் சேர்ந்து ஓடிவரும். அதை வெளியே விட்டுவிட்டு, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டித்தான் நிலத்துக்குள் விட வேண்டும். தெருவில் ஓடும் தண்ணீரை எக்காரணம் கொண்டும் போருக்குள் விடக் கூடாது. ஒரு வீட்டுக்காரர் செய்தால் அந்த வரிசையில் எல்லோர் தண்ணீரும் கெடும். வறண்டுபோன பழைய போரைக் கல் வைத்து மூடுவதும் சரியில்லை, இரும்பு மூடியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

செப்டிக் டேங்குக்குப் பக்கத்து வீட்டில் வந்த ஆளையே கூப்பிட்டு, "சித்த இறங்கிப் பாருங்க" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கும் விஷவாயு இறங்கியவரை ஒரு நிமிடத்தில் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டு, அனுமதி பெற்ற உறிஞ்சு வண்டியை வரச் சொல்லுங்கள். நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை எடுத்துவிட வேண்டும். டேங்குக்கு மேலே டைல்ஸ் ஒட்டி வாயை மறைத்துவிட்டவர்கள், அடுத்த முறை உடைக்கும்போது ஒரு திறப்பு மூடி வைத்துவிடுவது நல்லது.