நாகை கடலோரத்தில் வீடு கட்டுமுன் பழைய புயல் பதிவுகளைப் பார்க்கும் முறை

நாகப்பட்டினம் கடலோரத்தில் வீடு கட்டவோ தென்னை வைக்கவோ எண்ணுபவர், புயல் வருமா என்று கேட்பதைவிட, எவ்வளவு காற்றையும் எவ்வளவு தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கும் என்று கேட்பதே பயன் தரும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மின்னணுப் புயல் வரைபடத் தொகுப்பில் 1891 முதலான பாதைகள் உள்ளன. அதில் உங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் கரை கடந்தவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளின் நவம்பர்ப் புயல்கள் உடனே கண்ணில் படும். கடைசியில் உள்ளது கஜா.

இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள 25, 41 ஆண்டுகளைச் சராசரி பார்த்து, அடுத்தது 2051-இல்தான் என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. புயல் முறை வைத்து வருவதில்லை. ஓர் ஆண்டில் நூற்றில் ஒரு பங்கே வாய்ப்புள்ள நிகழ்வுகூட, வீட்டுக் கடன் அடைபடும் 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் நேர்வதற்கு ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. செயற்கைக்கோள்கள் வருமுன் கப்பல்களும் கரையோர நிலையங்களும் கண்டவையே பதிவாயின. கடலிலேயே வலுவிழந்தவை சில விடுபட்டிருக்கலாம் என்பதால், வெறும் எண்ணிக்கையை வைத்துப் புயல்கள் பெருகிவிட்டன என்று சொல்லிவிட முடியாது.

மழையைத் தனியாகப் பாருங்கள், ஏனெனில் புயலின் தரம் காற்றின் வேகத்தை வைத்தே குறிக்கப்படுகிறது. 2008-இல் காரைக்கால் அருகே கரை கடந்த நிஷா, காற்றில் கஜாவுக்கு ஈடில்லை. ஆனாலும் டெல்டாவை வெள்ளக்காடாக்கியது. மழைப் பதிவேட்டில் தேதியையும் கவனிக்க வேண்டும்: காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேர மழை, முடியும் நாளின் பெயரிலேயே எழுதப்படும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் கொட்டிய மழையைத் தேடினால், 49 சென்டிமீட்டர் என்ற அளவு 2-ஆம் தேதிக்கு எதிரேதான் இருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், உங்கள் மனையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எதுவரை ஏறியது என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டு அளந்துகொள்ளுங்கள். சாலையிலிருந்து அளக்க வேண்டாம். மேல்மேலாகத் தார் போட்டு அது உயர்ந்திருக்கும். கோயில் படி போன்று இடம் மாறாத ஒன்றிலிருந்து கறையின் உயரத்தைக் கணக்கிட்டு, அந்தக் கறைக்கும் மேலே உங்கள் தரைமட்டத்தை வையுங்கள்.