மூன்று பல்பும் எரியும், மோட்டாரும் எரியும்: காவிரி டெல்டா பம்புசெட் ரிலேயில் செய்யக்கூடாத தவறுகள்

மோட்டார் கொட்டகைச் சுவரில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பல்புகள் இருக்கும். மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். மோட்டார் நிற்கும்போது பல்பை நம்புவதில் பெரிய தவறில்லை. ஓட ஆரம்பித்த பிறகும் அதே பல்பை நம்புவதுதான் தவறு.

ஓடும் மோட்டாருக்கு வரும் மூன்று கம்பிகளில் ஒன்று வழியில் அறுந்தாலும் மோட்டார் உடனே நிற்காது. சுழன்றுகொண்டிருக்கும் ரோட்டாரின் காந்தப்புலம், அறுந்த கம்பியின் (ஃபேஸின்) முனையில் தானே வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். பல்பு கொஞ்சம் மங்கலாக எரியலாம், அவ்வளவுதான். வோல்ட்மீட்டரும் ஏறத்தாழ சரியான அளவையே காட்டும். ஆனால் மீதமுள்ள இரண்டு கம்பிகளில் கரண்ட் 1.73 மடங்காக ஏறியிருக்கும். முழு லோடில் 11 ஆம்பியர் இழுக்கும் 7.5 எச்.பி. மோட்டார் என்றால் 19 ஆம்பியர். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க, உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, அதாவது காயில், வெந்துகொண்டிருக்கும்.

இது நம் ஊர்க் கொட்டகையோடு போகிற சங்கதி இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பைரன் அணுமின் நிலையத்தில் 2012 ஜனவரி 30 அன்று சுவிட்ச்யார்டில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் உடைந்து, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் அறுந்தது. ரியாக்டர் தானாக நின்றது. ஆனால் பாதுகாப்பு மோட்டார்களுக்கான மின்சாரத்தைக் காவல் காத்த குறைவோல்டேஜ் ரிலேக்கள் பேசாமல் இருந்தன. இரண்டு ரிலேக்களும் ஒருசேரக் குறைவைக் கண்டால்தான் செயல்படும்படி அமைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது நல்ல இரண்டு ஃபேஸ்களை. சுமார் 8 நிமிடம் கழித்து, பணியிலிருந்தவர்கள் கோளாறைக் கண்டுபிடித்துக் கையாலேயே பிரேக்கரைத் திறந்த பிறகுதான் டீசல் ஜெனரேட்டர்கள் சுமையை ஏற்றன. ரிலே பழுதாகவில்லை, பார்க்க வேண்டிய இடத்தை அது பார்க்கவில்லை. நம் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளும் இந்த வகைதான்.

ரிலே அளவைத் திருகி ஏற்றுவது

கரண்ட் அளவுக்கு மேல் ஏறினால் மோட்டாரை நிறுத்துவது ஓவர்லோடு ரிலே. அது டிரிப் ஆனதும், அதாவது மின்சாரத்தை அறுத்ததும், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குமிழை 11-லிருந்து 14-க்குத் திருப்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மோட்டார் ஓடும், டிரிப் நிற்கும், இரண்டு வாரத்தில் காயில் கட்டப் பட்டறைக்குப் போகும். குமிழ் நிற்க வேண்டிய இடம் மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர்தான். அதற்கு மேல் கொஞ்சம் தாராளம் ரிலேக்குள்ளேயே இருக்கிறது. தரப்படி, வைத்த அளவைவிட 5 சதவீதம் கூடினால் 2 மணி நேரம் வரை அது டிரிப் ஆகக் கூடாது. 20 சதவீதம் கூடினால் 2 மணி நேரத்துக்குள் டிரிப் ஆக வேண்டும். 10-ஆம் வகுப்பு ரிலே என்றால் 7.2 மடங்கு கரண்டில் 10 விநாடிக்குள் அறுத்துவிடும். நீர்மூழ்கி மோட்டாரின் காயில் சீக்கிரம் சூடேறும்; அதற்கு 10-ஆம் வகுப்பைவிட மெதுவான ரிலே வேண்டாம்.

மோட்டாரின் காயில்களை முதலில் ஸ்டாராகவும், வேகம் பிடித்ததும் டெல்டாவாகவும் (முக்கோண வளையமாக) இணைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. அதில் ரிலே பெரும்பாலும் லைனில் இருக்காது, காயில் வளையத்துக்குள் இருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். பெயர்ப்பலகையில் 15 ஆம்பியர் என்றிருக்கும் 10 எச்.பி. மோட்டாருக்கு ரிலேயை 15 × 0.58 = 8.7-இல் வைக்க வேண்டும். 15-இல் வைத்தால் அந்த ரிலே இருந்தும் இல்லாததுதான். ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய, கம்பியைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் டோங் டெஸ்டர் போதும்: மெயினிலிருந்து வரும் கம்பியிலும், ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியிலும் மாறி மாறி மாட்டிப் பாருங்கள்; இரண்டாவதில் 58 சதவீதம்தான் காட்டினால் ரிலே வளையத்துக்குள் இருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் டிரிப் ஆகிறது என்றால், முதலில் ரிலேயின் ஆறு டெர்மினல் திருகுகளைப் பார்க்க வேண்டும், மெயினை அணைத்துவிட்டு. உள்ளே இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. திருகு தளர்ந்தால் அந்த இடம் சூடாகி, சூடு பட்டைக்கு இறங்கி, மோட்டார் ஒழுங்காக இருக்கும்போதே டிரிப் ஆகும். கம்பியின் மேலுறை பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் அதுதான் காரணம். அளவை ஏற்றிவிட்டால் தளர்ந்த திருகு அப்படியே இருக்கும். ஒருநாள் அந்த ஃபேஸே எரிந்து அறுந்து, ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டார் ஓடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்துவிடும்; அங்கே குறுவைக்கு முன்னும் சம்பாவுக்கு முன்னும் திருகிப் பார்ப்பது நல்லது.

ரிலேயைத் தாண்டிக் கம்பி போடுவது

ரிலேயில் 95, 96 என்று இரண்டு முனைகள் உண்டு. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்தான் கான்டாக்டர்; அதன் காயிலுக்குப் போகும் மின்சாரம் இவற்றின் வழியாகத்தான் போகிறது; டிரிப் என்றால் இந்த இணைப்பு திறக்கிறது, வேறொன்றுமில்லை. இவற்றுக்கிடையே ஒரு துண்டுக் கம்பி மாட்டிவிட்டால் குமிழ் எங்கே இருந்தாலும் பயனில்லை. அவசரத்துக்குப் போட்ட கம்பியை யாரும் திரும்பக் கழற்றுவதில்லை. பழைய ஸ்டார்ட்டரைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது இந்தத் துண்டைத்தான். கான்டாக்டரைக் குச்சி செருகி அழுத்தி வைப்பது இதைவிட மோசம்: ரிலே டிரிப் ஆனாலும் விடாது, மின்சாரம் போய் வந்தாலும் விடாது.

ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி சுற்றுவதும் இதோடு சேர்த்தி. மூன்றிலும் ஒரே அளவு ஃபியூஸ் இல்லாவிட்டால், மெல்லியது மட்டும் உருகும். அதுவே ஒரு ஃபேஸ் இழப்பை உண்டாக்கும்.

சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரைத் தவறான இடத்தில் நம்புவது

ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவிதான் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர். கடையில் மலிவாகக் கிடைப்பது வோல்டேஜைப் பார்க்கும் வகை. அது தனக்கு முன்னால் நடப்பதைத்தான் பார்க்கும். ஃபியூஸ் போனால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து ஏபி சுவிட்சின் ஒரு கத்தி சரியாக உட்காராமல் போனால் அதற்குத் தெரியலாம். கான்டாக்டரின் ஒரு முனை கருகி ஒட்டாமல் இருந்தாலோ, போர்வெல்லுக்குள் 200 அடியில் கேபிள் இணைப்பு விட்டுப்போனாலோ அதற்குத் தெரியாது. மூன்று கம்பிகளிலும் கரண்டைப் பார்க்கும் வகை இவை எல்லாவற்றையும் பிடிக்கும். நீர்மூழ்கி மோட்டாருக்குக் கூடுதல் விலை கொடுத்தாவது இதைத்தான் போட வேண்டும்.

இரு முனை மின்சார நேரத்தில் கண்டன்சர் வைத்து ஓட்டுகிறவர்கள் பிரிவென்டரை ஒரு சுவிட்ச் வைத்துத் துண்டிக்கிறார்கள். மும்முனை வந்த பிறகும் அந்தச் சுவிட்ச் துண்டித்த நிலையிலேயே இருக்கிறது. பல மோட்டார்கள் எரிவது இரு முனையில் ஓடும்போது அல்ல, காவல் இல்லாமல் மும்முனையில் ஓடும்போதுதான்.

ஃபேஸ் முழுதாகப் போகாமல் ஏறத்தாழ்வாக வந்தாலும் ஆபத்துதான். மூன்று ஃபேஸ்களுக்கிடையே 415, 400, 385 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 400, அதிக வித்தியாசம் 15, அதாவது 3.75 சதவீதம். இந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டால் பெருக்கினால் காயிலின் வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகக் கிடைக்கும்: 28. வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டக் கூடாது.

எரிந்த மோட்டாரைப் பார்க்காமல் காயில் கட்டுவது

பட்டறையில் மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். காயில் முழுவதும் ஒரே மாதிரி கருத்திருந்தால் லோடு அதிகம், அல்லது பம்பு இறுகியிருக்கிறது. டெல்டா இணைப்பில் ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கரியாகி மற்ற இரண்டும் தேன் நிறத்திலேயே இருந்தால் அது ஃபேஸ் இழப்பு. ஸ்டார் இணைப்பில் இது தலைகீழ்: இரண்டு கருகும், ஒன்று தப்பும். டெல்டாவில் ஃபேஸ் போனால் ஒரு காயில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்டைச் சுமக்கும், சூடு நான்கு மடங்கு, லைனில் 1.73 மடங்குதான் தெரியும். லோடு குறைவாக இருந்தால் லைன் கரண்ட் பெயர்ப்பலகை அளவைத் தாண்டாமலே அந்த ஒரு காயில் கருகலாம். ஃபேஸ் இழப்பு உணரும் வசதி இல்லாத பழைய ரிலேக்கு இது தெரியவே தெரியாது. இந்த அடையாளத்தைப் பார்க்காமல் காயில் கட்டி மாட்டினால் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

ஓவர்லோடு ரிலேயிடம் அதன் வேலை அல்லாததை எதிர்பார்க்கவும் கூடாது. கோடையில் போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெற்றாக ஓடினால் கரண்ட் குறையும், ஏறாது. அதற்குத் தனியாக டிரை ரன் ரிலே வேண்டும். வரப்புச் சேற்றில் நிற்பவரை மின்சாரம் தாக்கினால் ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியவே போவதில்லை. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரானால் அறுக்கும் ஆர்.சி.சி.பி. பிரேக்கரும் ஒழுங்கான எர்த்தும்தான் உயிரைக் காக்கும்; இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சோதித்தோம் என்று ஏமாறுவது

வோல்டேஜைப் பார்க்கும் பிரிவென்டரைச் சோதிக்கும் முறை எளிது. மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, ஒரு ஃபியூஸ் கட்டையை உருவிவிட்டு, மெயினைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கான்டாக்டர் இழுக்கக் கூடாது. இழுத்து மோட்டார் உறுமினால் அந்த விநாடியே அணைத்துவிட வேண்டும். இதை ஒரே ஒரு ஃபியூஸோடு நிறுத்துவதில்தான் தவறு இருக்கிறது. 415 வோல்ட் கான்டாக்டர் காயில் இரண்டு ஃபேஸ்களிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அந்த இரண்டில் ஒன்றை உருவினால் பிரிவென்டர் செத்துக் கிடந்தாலும் கான்டாக்டர் இழுக்காது; நாம் எல்லாம் சரி என்று பெட்டியை மூடிவிடுவோம். காயிலுக்குப் போகாத மூன்றாவது ஃபேஸ் எது என்று கம்பியைத் தொடர்ந்து பார்த்து, அந்த ஃபியூஸை உருவிச் சோதித்தால்தான் அது சோதனை. கம்பியைத் தொடரத் தெரியாவிட்டால் மூன்றையும் ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்துவிட்டு.