ஹெரால்டு ரெடி பண்ணப் போறீங்களா, மொத்தமா கழட்டிப் போட்டுராதீங்க

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒண்ணு கெடச்சிருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறவங்க எல்லாருக்கும் நான் மொதல்ல சொல்றது இதான், ஒரே நாள்ல மொத்த வண்டியையும் கழட்டாதீங்க. நான் கழட்டினேன். ஒம்பது வருஷம் ஆச்சு மறுபடி ரோட்டுக்கு வர.

வாங்குறதுக்கு முன்னாடி ஆர்சி புக் பாருங்க. புக் இல்லாத வண்டியை ஓசில குடுத்தாலும் கை வெக்காதீங்க. சாஸி (வண்டியோட அடிச்சட்டம்) நம்பரும் என்ஜின் நம்பரும் புக்ல இருக்கறதோட ஒத்துப்போகணும். 50 வருஷம் தாண்டின ஒரிஜினல் வண்டிக்கு 2021ல விஏ சீரிஸ்னு தனி ரெஜிஸ்ட்ரேஷன் வந்துருச்சு, புதுசா போட 20,000 ரூபா, ஆனா அதுல தினமும் ஓட்ட முடியாது. ஏற்கனவே பழைய நம்பர்ல இருக்கற வண்டி அதே நம்பரை வெச்சிக்கலாம். என்னைக் கேட்டா அந்த பழைய நம்பர் பிளேட்டுக்காகவே வண்டி வாங்கலாம்.

இப்ப துரு. இது தான் பெரிய மேட்டர். நான் இருக்கறது சென்னைல காசிமேடு பக்கம், இங்க உப்புக்காத்துக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, கார் தகரம் எம்மாத்திரம். மொத வருஷம் ஆர்வக்கோளாறுல பானெட், கதவு, டிக்கி எல்லாத்தையும் பெயிண்ட் சுரண்டி வெச்சிட்டு நாளைக்கு பிரைமர் அடிச்சிக்கலாம்னு தூங்கப் போயிட்டேன், காலைல வந்து பாத்தா மொத்தமும் ஆரஞ்சு கலர். திரும்ப உப்புத்தாள் போட்டு தேய்ச்சது தான் மிச்சம். அதனால இங்க ரூல் என்னன்னா, காலைல எவ்ளோ சுரண்டுறீங்களோ அவ்ளோக்கும் சாயங்காலத்துக்குள்ள எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கற அடிப்பூச்சு) ஏறிடணும், முடியாதுன்னா கம்மியா சுரண்டுங்க. ஒரு கதவு, அப்புறம் இன்னொரு கதவு. மழை மாசத்துல பெயிண்ட் வேலையே வேணாம், அப்ப கார்புரேட்டர், டைனமோன்னு வீட்டுக்குள்ள உக்காந்து பாக்கற வேலையை எடுத்துக்கோங்க.

ஹெரால்டுல ஒரு வசதி, பாடி தனி, சாஸி தனி. பானெட் மட்கார்டோட சேர்த்து மொத்தமா முன்பக்கம் கவுந்துடும், என்ஜின் பக்கத்துல டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம், இப்ப வர்ற எந்த கார்ல முடியும்? ஆனா சாஸிலேர்ந்து ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்குமே, பாடியைத் தாங்குற கை மாதிரி, அது தான் மொதல்ல அரிக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா வெட்டி மாத்தணும். வெட்டுறதுக்கு முன்னாடி கதவு ஓட்டைக்குள்ள குறுக்க ஒரு பைப் வெல்டு பண்ணிடுங்க, இல்லன்னா பாடி கோணிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. டிங்கர் மேஸ்திரி “பட்டி போட்டு சரி பண்ணிடலாம்”னு சொன்னா வேற மேஸ்திரி பாருங்க.

முன்சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒரு பித்தளை சாமான் இருக்கு, ஸ்டியரிங் திரும்பும்போது அதோட மரை மேல தான் மொத்த வீலும் சுத்துது. நம்ம ஆளுங்க பழக்கதோஷத்துல அதுல கிரீஸ் அடிச்சிடுவாங்க. கிரீஸ் போடக்கூடாது, ஈபி 90 கியர் ஆயில் தான் போடணும். கிரீஸ் காஞ்சு இறுகிடுச்சுன்னா ஆயில் உள்ள போகாது, உள்ள தண்ணி தங்கி இரும்பு அரிச்சு ஒரு நாள் வீல் அப்படியே மடங்கிடும். இதை எனக்கு சொன்னது வண்டலூர் ஃபேக்டரில வேலை பாத்த ஒரு பெரியவர். 1961லேர்ந்து ஹெரால்டு அங்க தான் போட்டாங்க, நம்ம ஊர் வண்டிங்க அது. அவர் பக்கத்துல உக்காந்து ரெண்டு டீ குடிச்சதுல தெரிஞ்சிக்கிட்டது, நான் ஒரு வருஷம் தனியா முட்டி மோதினாலும் தெரிஞ்சிருக்காது.

அதான் சொல்றேன், ஆளுங்களை புடிங்க. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்துற கார் ஷோவுக்கு போய் ஹெரால்டு பக்கத்துல நில்லுங்க, ஓனர் தானா வந்து பேசுவாரு. ஆனா போன உடனே “பார்ட்ஸ் இருக்கா சார்”னு ஆரம்பிக்காதீங்க, கடுப்பாயிடுவாங்க. அவங்க வண்டி நின்னா போய் தள்ளுங்க, ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் எடுத்துக் குடுங்க, அப்புறம் பாருங்க, பரண் மேலேர்ந்து டெயில் லைட் கண்ணாடி இறங்கி வரும். எனக்கு கோயம்புத்தூர்ல ஒருத்தர் பிளக்குக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டரே அனுப்பினாரு, பதிலுக்கு நான் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல அலைஞ்சு அவருக்கு ஹப் கேப் தேடிக் குடுத்தேன். புஷ், கேஸ்கட் மாதிரி சாமான் இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு (நம்ம ஹெரால்டுக்கு மூலம் அது தான்) இன்னும் விக்கிறாங்க, நாலஞ்சு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டா கூரியர் செலவு கம்மி. நாலு கதவு மாடல் வெச்சிருக்கறவங்க மட்டும் கதவை அங்க தேடாதீங்க, அது இங்க மட்டும் போட்ட மாடல்.

போல்ட்டு எல்லாம் இஞ்சு கணக்கு, 7/16, 1/2, 9/16 ஸ்பேனர் வாங்கி வெச்சிக்கோங்க, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டா தலை உருண்டுடும். கழட்டுற ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து டப்பால போட்டு பேர் எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

என்ஜின் ஜாம் ஆயிருந்தா செல்ஃப் அடிக்காதீங்க. பிளக்கை கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊத்தி ஒரு வாரம் விடுங்க, தினம் முன்ன பின்ன லேசா ஆட்டிப் பாருங்க. இப்ப பங்க்ல வர்றது 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதுல ஊறி வீணாப் போயிடும், எத்தனால் தாங்கற ரப்பரா மாத்திடுங்க, வண்டி ரொம்ப நாள் நிக்கும்னா டேங்க்கை காலி பண்ணி வைங்க. பிரேக் வாஷர் வாங்கும்போது பழசை கைல எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் “இது போதும் சார்”னு குடுக்கறதை நம்பாம அளந்து வாங்குங்க.

ஓட ஆரம்பிச்சதும் மொத 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்திட்டு என்ஜின் ஹெட் நட்டை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கற ஸ்பேனர்) வெச்சு மறுபடி டைட் பாத்துக்கோங்க. அதுவரைக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் போயிடாதீங்க, முன்னாடி போற கண்டெய்னர் ட்ரெய்லர் திடீர்னு பிரேக் போட்டா நம்ம டிரம் பிரேக் நிக்கறதுக்குள்ள அவன் கீழ போயிடுவோம். காலைல அஞ்சு மணிக்கு கிளம்பி ராயபுரம் வழியா ராஜாஜி சாலை, அப்படியே பீச் வரைக்கும் போயிட்டு ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க, வந்ததும் வண்டிக்கு அடில நல்ல தண்ணி அடிச்சு கழுவ மறக்காதீங்க.