பூஜ்யத்தை நம்பாதீர்கள்: பராமரிப்பு இல்லங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்காக இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பார்த்து வந்தேன். முதல் இல்லத்தின் மேலாளர், "எங்களிடம் படுக்கைப்புண் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். இரண்டாவது இல்லத்தின் தலைமைச் செவிலியர் ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்தார். அந்த மாதத்தில் 3 பேருக்குப் படுக்கைப்புண். இருவர் மருத்துவமனையிலிருந்து வரும்போதே புண்ணோடு வந்தவர்கள். மூன்றாமவருக்கு அந்த இல்லத்திலேயே வந்திருந்தது. எந்த நாளில் கண்டார்கள், எவ்வளவு அகலம், எப்படி ஆறிவருகிறது என்பதெல்லாம் எழுதியிருந்தது. நான் முதல் இல்லத்தையே தேர்ந்தெடுத்தேன். மூன்றைவிடப் பூஜ்யம் நல்லதுதானே என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்து அம்மாவின் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் புண் இருந்தது. அதை முதலில் பார்த்த ஆள் நான்தான். அங்கே யாரும் குறித்துவைத்திருக்கவில்லை.

தேடுகிறவர்களின் கண்ணுக்குத்தான் புண் தெரியும் என்பது அன்று எனக்குப் புரிந்தது. இல்லங்களை ஒப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன்: குறைந்த எண்ணிக்கையை நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்வது. படுக்கைப்புண்ணின் முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பாக மட்டும் இருக்கும். கருத்த தோலில் அந்தச் சிவப்பும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். குளிப்பாட்டும்போதெல்லாம் முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பையும் குதிகாலையும் இப்படிச் சோதிக்கிற இல்லத்தின் பதிவேட்டில் முதல் நிலைப் புண்கள் நிறைய இருக்கும். சோதிக்காத இல்லம் நான்காம் நிலையில், புண் தசையையும் எலும்பையும் தொட்ட பிறகு, ஆம்புலன்ஸை அழைக்கும். கீழே விழுவதும் இப்படித்தான். அடிபடாமல் சறுக்கி விழுந்ததையும் ஒரு இல்லம் எழுதிவைக்கும். இன்னொரு இல்லம் எலும்பு முறிந்தால்தான் எழுதும். எத்தனை என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அன்று என்ன செய்தீர்கள், வீட்டாருக்கு எப்போது சொன்னீர்கள் என்றும் கேளுங்கள். பதிவேட்டைக் காட்டத் தயங்காத இல்லத்துக்கு என் மனத்தில் இப்போது தனி மதிப்பு உண்டு.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவர்களையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் ஏற்கிற இல்லத்தில் புண்ணும் நோய்த்தொற்றும் மரணமும் கூடுதலாக இருக்கும். நடமாடுபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லம் காகிதத்தில் பளிச்சென்று தெரியும். தலைகீழாகவும் நடக்கும்: எல்லோரையும் நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்திருந்தால் யாரும் விழமாட்டார்கள். ஆனால் சில மாதங்களில் கால்கள் நடையை மறந்துவிடும். சிறிய இல்லமென்றால் சதவீதத்தை நம்பவே வேண்டாம். 20 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் விழுந்தாலே 5 சதவீதம். அடுத்த மாதம் யாரும் விழாவிட்டால் பூஜ்யம். ஒரு மாதக் கணக்கு எதையும் சொல்லாது. ஓராண்டுக் கணக்கைக் கேளுங்கள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு அரசே ஐந்து நட்சத்திர மதிப்பீடு தருகிறது. 2008 இறுதியில் தொடங்கிய முறை அது. ஆய்வாளர்களின் நேரடிச் சோதனை, பணியாளர் அளவு, தர அளவீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒட்டுமொத்த நட்சத்திரம் ஆகின்றன. தர அளவீடுகளில் பெரும்பகுதி, தங்கியிருப்பவர்களைப் பற்றி இல்லங்களே எழுதி அனுப்பும் விவரங்களிலிருந்து வருகிறது. பணியாளர் எண்ணிக்கையும் நெடுங்காலம் இல்லங்களே சொன்ன கணக்குதான். 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் வார இறுதி நாட்களில் ஆட்கள் எவ்வளவு குறைகிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. எந்த நாட்டில் எந்த மதிப்பீட்டைப் பார்த்தாலும் அதைப் பிரித்துப் பாருங்கள். வெளியாள் நேரில் வந்து கண்டது எது, இல்லம் தானாகச் சொன்னது எது? இரண்டும் முரண்பட்டால் நேரில் கண்டதையே நான் நம்புவேன்.

பணியாளர் விகிதத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "60 பேருக்கு 30 பணியாளர்கள், இருவருக்கு ஒருவர்" என்று சொன்னால் மனம் நிறைந்துவிடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமையல், அலுவலகம், துப்புரவு, காவல் என்று 8 பேரைக் கழித்தால் மீதி 22. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் எந்த நாளிலும் வேலைக்கு வருவோர் 19 பேர் அளவில்தான். ஒருவர் விடுப்பு என்றால் 18. காலையில் 9, மாலையில் 6, இரவில் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு ஒருவர் என்ற கணக்கு இரவில் 20 பேருக்கு ஒருவர் ஆகிவிட்டது. அந்த 60 பேரில் 24 பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றால், ஒருவரைப் புரட்ட இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் தேவைப்பட்டால், ஒரு சுற்று முடியவே 120 நிமிடம். முடிந்த கையோடு அடுத்த சுற்று தொடங்கியாக வேண்டும். அழைப்பு மணிக்கும் கழிப்பறைக்கும் மற்ற 36 பேருக்கும் மிச்சமிருப்பது ஒரே ஒருவர். அந்த ஒருவரைக் குறை சொல்லி என்ன பயன்? எனவே "நேற்றிரவு இந்தத் தளத்தில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். கூடவே, ஓராண்டுக்கு முன் இங்கிருந்த உதவியாளர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அம்மாவுக்கு வலி வந்தால் புருவம் சுருங்கும், சத்தம் வராது. இதைத் தெரிந்துகொள்ள ஒருவருக்கு மாதங்கள் ஆகும். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் அது யாருக்கும் தெரியாது.

அமைதியான இடம் நல்ல இடம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. நண்பகலில் கூடம் முழுக்கத் தலை தொங்கிய நிலையில் ஆட்கள் இருந்தால், என்ன மருந்து தருகிறார்கள் என்று கேட்க வேண்டிய நேரம் அது. மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. இந்த மருந்துகளின் பயன்பாட்டை அங்கே தர அளவீடாகவும் வைத்தார்கள். ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், சில இல்லங்களில் ஆதாரமே இல்லாமல் அந்த நோயின் பெயர் முதியவர்களின் கோப்பில் எழுதப்பட்டது. 2023-இல் அரசு இதற்கெனத் தணிக்கையே தொடங்க வேண்டியிருந்தது. எண்ணைத் திருத்துவதற்காக ஒரு மனிதருக்கு இல்லாத நோயை எழுதினார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

வரவேற்பறையின் பளபளப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே யாரும் தங்குவதில்லை. சொல்லிவிட்டு ஒரு முறை போனால், சொல்லாமல் இன்னொரு முறை போங்கள். உணவு நேரமோ விடுமுறை நாளின் மாலையோ நல்லது. ஊட்டிவிட வேண்டியவருக்கு யார் ஊட்டுகிறார்கள், தட்டு தொடப்படாமலே திரும்புகிறதா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்பவற்றைப் பாருங்கள். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் தங்குபவருக்குச் சிறந்த இல்லம், வழி மறந்து அலையும் மறதிநோயாளிக்குச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. முன்னவருக்கு இயன்முறை மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பது முக்கியம். பின்னவருக்குப் பூட்டிவைக்காமல் பாதுகாப்பாக நடக்க இடம் இருக்கிறதா என்பது முக்கியம்.

சேர்த்த நாளோடு ஒப்பீட்டை நிறுத்திவிடுவதும் தவறுதான். இனி ஒப்பிட வேண்டியது இரண்டு இல்லங்களை அல்ல, அதே மனிதரின் சேரும்போதைய நிலையையும் இன்றைய நிலையையும். அம்மாவை இரண்டாவது இல்லத்துக்கு மாற்றியபோது முதல் நாளே எடை பார்த்து, தோலை முழுக்கச் சோதித்து எழுதி என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தால் அது கவலைக்குரிய அளவு. 50 கிலோ இருப்பவருக்கு இரண்டரை கிலோ. சேரும் நாளின் எடை எழுதப்படாவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அதை எழுதி ஒரு பிரதியைக் கையில் வாங்கிய பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.