ஒரு நகரத்தின் ஹிப்-ஹாப் ஏன் நாடறிய வளரவில்லை என்று ஆராய்வது எப்படி

அமெரிக்க நகரம் ஒன்றின் ஹிப்-ஹாப் ஏன் நாடறிய வளரவில்லை என்று ஆராயும்போது, அங்கே திறமை இல்லை என்ற முடிவிலிருந்து தொடங்காதீர்கள். அது பெரும்பாலும் தவறாகவே இருக்கும். முதலில், அந்நகர இளைஞர்கள் எந்த இசைக்கு ஆடினார்கள் என்று கேளுங்கள். வாஷிங்டனில் அந்த இடத்தை இசைக்கலைஞர் சக் பிரவுன் வளர்த்த கோ-கோ இசை பிடித்திருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தாளம் ஓயாமல் ஒலிக்க, பாடகர் கூட்டத்தில் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த நேரடி அனுபவத்தை இசைத்தட்டில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவது எளிதன்று.

அடுத்து, விற்பனை வழியைப் பாருங்கள். ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ என்ற இசைக்கலைஞர் பாடல்களின் வேகத்தைக் குறைத்துப் பதிந்த ஒலிநாடாக்களைத் தம் வீட்டிலிருந்தே விற்றார். ராப்-எ-லாட் என்ற உள்ளூர் இசை வெளியீட்டு நிறுவனமும் அங்கே இருந்தது. மாறாக, பாஸ்டனில் பிறந்த குரு என்ற ராப் பாடகரோ, கேங் ஸ்டார் என்ற தம் ஹிப்-ஹாப் குழுவோடு அருகிலிருந்த நியூயார்க்கில்தான் புகழ்பெற்றார்.

வானொலியையும் விட்டுவிடாதீர்கள். ஒரே நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கான உச்சவரம்பை 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கிய பிறகு, எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்ற முடிவு பல ஊர்களில் உள்ளூர்க்காரர் கையைவிட்டுப் போனது.