வடசென்னையில் சிப்பிப்பாறையை ஓட்டத்துக்குப் பழக்குவது எப்படி

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு வெள்ளைப் பை காற்றில் உருண்டாலே போதும், பிடித்திருக்கும் கயிறு உங்கள் கையை அறுத்துக்கொண்டு போகும். நாம் கற்க வேண்டியது எங்கே ஓடவிடுவது, எப்படி நிறுத்துவது என்ற இரண்டையும்தான். தசை கிழிவதும் முன்கால் மணிக்கட்டு எலும்பு உடைவதும் பெரும்பாலும் திரும்பும்போதும் நிற்கும்போதும் நடக்கிறது.

முதலில் சட்டம். உயிருள்ள முயலை விட்டுத் துரத்தவிடவே கூடாது. காட்டு முயலுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடையில் வாங்கிய முயல் என்றால் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிடிக்கும். பணம் கட்டி ஓட்டுவது சூதாட்டம். டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்த்தால் விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இல்லாமல் நடத்த முடியாது. மிச்சமிருப்பது நாலு வளர்ப்பவர்கள், கயிற்றில் இழுக்கும் ஒரு போலி முயல், ஒரு ஸ்டாப்வாட்ச். அமெரிக்காவில் அமெச்சூர் சங்கங்கள் இப்படித்தான் ஓட்டுகின்றன: நேர்கோட்டில் 200 கஜம், அதாவது சுமார் 183 மீட்டர், ஓட்டத்துக்கு அதிகம் போனால் நாலு நாய். பரிசுப் பணம் கிடையாது.

எட்டு மாதக் குட்டி பெரிய நாயின் உயரத்தைக் காட்டும். அதை நம்பிவிடாதீர்கள். கால் எலும்பு நீளும் இடங்களான வளர்தட்டுகள் மூட ஒரு வயது தாண்டும். 15 மாதம் வரை விளையாட்டோடு நிறுத்துங்கள். மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து மூன்றும் முடிந்திருக்க வேண்டும். மழையில் தண்ணீர் தேங்கும் தெருவில் இருப்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் விடக் கூடாது. ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. முதுகுப் பக்கம் நின்று விசிலடித்துப் பாருங்கள். காது கேட்காத நாயை ஓட்டத்தின் நடுவில் கூப்பிட வழியே இல்லை.

இடம்

நம் பக்கத்தில் பெரிய தலைவலி இதுதான். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலமுள்ள கால்பந்து மைதானத்தில் மூலைக்கு மூலை இழுத்தால் 125 மீட்டர் கிடைக்கும். அதில் நாய் வேகம் குறைத்து நிற்க 40 மீட்டரை ஒதுக்கினால், ஓட மிஞ்சுவது 85. தொடக்கத்துக்கு அது தாராளம். ஆனால் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் விடிந்ததும் பந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். மைதானப் பொறுப்பாளரிடம் கேட்டு, ஆள் வராத நாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரை பார்க்க நன்றாக இருக்கும், ஓட்டத்துக்கு ஆகாது. திருவொற்றியூரில் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல் இடுக்கில் கால் சிக்கும். காசிமேட்டு மணலில் தூண்டில் முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். எண்ணூர்ப் பக்கம் காய்ந்த மணலில் கால் புதையப் புதைய உந்தும்போது பின்தொடைத் தசை கிழியும். ஈரமணல் கெட்டிதான், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு பக்கக் காலுக்கே பாரம் போகும். நண்டு வளை வேறு. அங்கே நடக்கவிடலாம், மெதுவாக ஓடவிடலாம், அவ்வளவுதான்.

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அறுவடை முடிந்த வயல் ஆசை காட்டும். நெல் தாள் பாதத்தைக் குத்தும், வெடித்த களிமண்ணில் விரல் மாட்டும். கட்டையான புல் இருக்கும் தரிசு நிலம் மேல். எங்கே என்றாலும் ஓட்டத்துக்கு முன் இரண்டு பேர் பக்கம்பக்கமாக நடந்து, எலி வளை, கண்ணாடி, கம்பி எல்லாம் பார்த்துவிட வேண்டும். சுற்றுச்சுவரோ வேலியோ கட்டாயம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நாய் அரைக் கிலோமீட்டரை 36 வினாடியில் கடந்துவிடும். மணலி, எண்ணூர் சாலைகளில் கன்டெய்னர் லாரி எந்த நேரத்திலும் வரும்.

இழுக்கும் இயந்திரம்

ஓட்டத்தின் முடிவில் நின்று போலி முயலைக் கயிற்றால் இழுக்க, ஆரம்பத்தில் பழைய சைக்கிள் போதும். தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தில் டயரையும் டியூபையும் கழற்றி, ரிம் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றுங்கள். பெடலைக் கையால் சுற்ற வேண்டியதுதான். முன்பல்சக்கரம் 44 பல், பின்னது 18 என்றால், நிமிடத்துக்கு 90 சுற்றில் கயிறு சக்கர அளவைப் பொறுத்து மணிக்கு ஏறக்குறைய 22 முதல் 26 கிலோமீட்டரில் வரும். புதிதாகப் பழகும் நாய்க்கு இது சரி.

பழகிய நாய்க்கு வினாடிக்கு 16 மீட்டராவது வேண்டும். புதுப்பேட்டையில் பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடைக்கும். லேத் பட்டறையில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் கடைந்து மாட்டினால் ஒரு சுற்றுக்கு 63 சென்டிமீட்டர் கயிறு ஏறும். கையை எடுத்தால் மோட்டார் அணையும் புஷ் பட்டன், 12 வோல்ட் கார் பேட்டரி, டிரம்மை மூட இரும்புக் கவசம். ஸ்டார்ட்டர் மோட்டார் தொடர்ந்து ஓடச் செய்ததல்ல. 20 வினாடி ஓட்டினால் ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள், இல்லையென்றால் சுருள் கருகும்.

கயிறு 2 மில்லிமீட்டர் பின்னல் நைலான், 150 மீட்டர். காசிமேட்டு வலைக் கடைகளில் கேட்டால் தருவார்கள். விலை குறைவு என்று தங்கூஸ் நரம்பை வாங்காதீர்கள்: நாயின் கண்ணுக்குத் தெரியாது, காலில் பட்டால் கத்தி. முயலுக்கு வெள்ளை அரிசிச் சாக்கை ஒரு முழ நீள நாடாக்களாகக் கிழித்துக் கட்டுங்கள்.

இயந்திரத்தை ஓட்டுபவரின் கண் முன்னால் வரும் நாய் மேலேயே இருக்க வேண்டும். போலி முயல் 10 முதல் 15 மீட்டர் முன்னே போகட்டும். ரொம்ப விலகினால் நாய் ஆர்வம் விட்டுவிடும், நெருங்கினால் பாய்ந்து கவ்வப் போய்க் குப்புற விழும். கடைசியில் சட்டென்று நிறுத்தாமல் 20 மீட்டரில் படிப்படியாகக் குறையுங்கள். முயல் இயந்திரத்துக்கு 15 மீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். நாய் கயிற்றுக்குக் குறுக்கே வந்தால் பட்டனை உடனே விடுங்கள்.

பழக்கும் வரிசை

ஒன்றரை மீட்டர் மூங்கில் கழி, அதே நீளக் கயிறு, நுனியில் சாக்குத் துணி. தினம் ஐந்து நிமிடம் அதைத் துரத்தவிடுங்கள். பிடிக்கவிடுங்கள், ஆசை அடங்குவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். கூப்பிட்டால் வருவதும் வாய்க்கூடைக்குப் பழகுவதும் இதே காலத்தில் நடக்கட்டும். வாய்க்கூடை இல்லாமல் இரண்டு நாயைச் சேர்த்து விடவே கூடாது. முயல் நின்ற இடத்தில் கவ்விச் சண்டை வரும், இவற்றின் தோல் காகிதம் மாதிரி கிழியும்.

பிறகு சைக்கிளில் 30 மீட்டர், இரண்டு வாரம் கழித்து 60, அப்புறம் முழு நீளம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு ஓட்டம், நடுவில் அரைமணி. விடும்போது கழுத்துப்பட்டையைப் பிடிக்காமல் நெஞ்சையும் இடுப்பையும் தாங்கி, பின்கால் நேராக இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். முதல் ஜோடி ஓட்டத்துக்கு அனுபவமுள்ள நிதானமான நாய் வேண்டும். இரண்டு புதுசுகளைச் சேர்த்தால் முயலை விட்டு ஒன்றையொன்று துரத்தும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

முந்தின இரவு சாப்பாடே கடைசி. காலையில் வயிறு நிறைந்து ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. பத்து நிமிடம் நடத்திவிட்டு ஓடவிடுங்கள், முடிந்ததும் கால்மணி நடத்துங்கள், ஒரு மணி கழித்துச் சோறு. மார்ச் முதல் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கத்திரியில் ஓட்டமே வேண்டாம். அந்த ஈரக்காற்றில் மூச்சிரைத்தும் சூடு தணியாது. ஓடிப் பத்து நிமிடம் ஆகியும் இரைப்பு அடங்காமல், ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை நொறுங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனை. மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், இது கொழுப்பில்லாத வேட்டை இனம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சில மருந்துகளில் இவை தெளிய வெகுநேரம் ஆகும்.

புறா விடுகிறவர்களைப் போல ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, எடை, தூரம், நேரம், தரை எப்படி இருந்தது. காரணமில்லாமல் நேரம் கூடிக்கொண்டே போனால் சோம்பல் என்று நாயைத் திட்டாமல் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பாருங்கள். உடம்பில் உண்ணி தெரியவில்லை என்றாலும் காது மடிப்பையும் விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.