மனநலச் செயலியை மாணவருக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புள்ளிகள், நிலைகள், பரிசுகள் என்று விளையாட்டின் உத்திகளைக் கொண்டு மனநலப் பழக்கங்களைக் கற்றுத்தரும் செயலிகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை உங்கள் பிள்ளைக்கோ மாணவருக்கோ பரிந்துரைக்கும் முன், ஒரு நாள் தவறினால் அந்தச் செயலி என்ன செய்யும் என்பதை முதலில் பாருங்கள். மனம் சோர்ந்திருக்கும் மாணவர் எப்படியும் சில நாள்களைத் தவறவிடுவார். செயலி அவருக்குத் துணையா, கூடுதல் சுமையா என்பது அந்த நாள்களில்தான் தெரியவரும்.

ஹாபிட்டிகா என்னும் செயலியில் அன்றாடப் பணியைச் செய்யாமல் விட்டால் நம் கதாபாத்திரத்தின் உயிர்ப்புள்ளி குறையும்; நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து அரக்கனை எதிர்க்கும் கட்டத்திலோ, ஒருவர் தவறினால் குழுவினர் அனைவருக்கும் அடி விழும். உற்சாகமாக இருப்பவரை இது முடுக்கிவிடலாம். ஆனால், தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்று ஏற்கெனவே மருகிக்கொண்டிருப்பவரை இது மேலும் நோகடிக்கும். அத்தகையவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். தேர்வு நாள்களில், தவறிய பணிக்காக உயிர்ப்புள்ளி குறைவதை நிறுத்திவைக்கும் வசதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஃபிஞ்ச் செயலியில் வளர்க்கும் பறவைக்குஞ்சு, நாம் எட்டிப்பார்க்காத நாளில் செத்துப்போவதில்லை என்பதால், தொடக்கத்துக்கு அதுவே ஏற்றது என்று கருதுகிறேன்.

அடுத்து, செயலி ஏதேனும் ஒரு திறனைக் கற்றுத்தருகிறதா என்று பாருங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்பார்க்ஸ் விளையாட்டில் எதிர்மறை எண்ணங்கள் பறக்கும் பூச்சிகளாக வந்து தாக்கும். அவற்றை முறியடித்த பின், அதே முறையைச் சொந்த வாழ்வில் கையாள்வது எப்படி என்று வழிகாட்டி ஒருவர் விளக்குவார். 12 முதல் 19 வயது வரையிலான 187 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு, லேசானது முதல் மிதமானது வரையிலான மனச்சோர்வில் இது வழக்கமான ஆலோசனைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது.

பணிகளை மாணவரே எழுதட்டும். "இயற்பியலை முடிப்பேன்" என்பது பணியன்று, அது பாரம். "இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் மொட்டைமாடியில் நடப்பேன்" என்பது செய்து முடிக்கக்கூடியது. மூன்று பணிகள் போதும். மதிப்பெண் தொடர்பான எதுவும் அதில் வேண்டாம். அவர் எத்தனை நாள் தொடர்ந்தார் என்று பெற்றோர் கணக்குக் கேட்கத் தொடங்கினால், அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

மனநிலைக் குறிப்புகள் யாரிடம் செல்கின்றன என்பதையும் தனியுரிமைப் பக்கத்தில் படித்துப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருமுறை எழுந்தாலும் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ உடனே அழையுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.